குற்றாலச் சாரலில் ஒரு கையெழுத்து

குற்றாலத்துக்குப் போயும் அருவியில் தலை நனைக்காமல், ஒரு நாள் பூராவும் லாட்ஜ் அறையில் அடைந்து கிடந்தவர்களைப் பார்த்திருக்கிறீர்களா? போன ஆடி மாதம் நாங்கள் அப்படித்தான் கிடந்தோம்! நான், என் அம்மா, கல்லூரியில் கடைசி வருஷம் படிக்கும் என் மகள் என்று மூன்று தலைமுறைப் பெண்கள்.

"ஆம்பிளைத் துணை இல்லாமலா?" என்று பக்கத்து வீட்டு மாமி கேட்டார். அம்மாவுக்குப் பிறந்த ஊர் தென்காசி. எழுபத்து நாலு வயதிலும் அவளே எங்களுக்குத் துணை என்று சொல்லிவிட்டுக் கிளம்பினேன்.

என் கைப்பையில் மூக்குக் கண்ணாடி, பிரஷர் மாத்திரை, ஒரு பொட்டலம் ஓமம் இவற்றோடு நாலாக மடித்த ஒரு தாளும் இருந்தது. இமயமலை அடிவாரத்தில் மலையேற்றப் பயிற்சிக்குப் போக வேண்டும் என்று மகள் ஒற்றைக் காலில் நிற்கிறாள். உத்தரகாசியில் 1965-ல் தொடங்கிய நேரு மலையேற்றப் பயிற்சி நிலையம் இருக்கிறதல்லவா, அங்கே 28 நாள் அடிப்படைப் பயிற்சி. விண்ணப்பத்தோடு டாக்டர் சான்றிதழ் வேண்டும். 'ஆபத்து உண்டு என்று தெரிந்தே அனுப்புகிறோம்' என்று பெற்றவர்கள் எழுதிக் கொடுக்க வேண்டும். அந்தத் தாள்தான் பையில் இருந்தது. "நீ போட்டா நானும் போடுறேன்" என்று என் கணவர் நைஸாகத் தப்பித்துக்கொண்டார். பெண்ணைப் பெற்று வளர்த்து, 'ஆபத்து நேர்ந்தால் சரி' என்று எந்தத் தாய்க்குக் கை வரும், சொல்லுங்கள்!

காற்று வரவேற்கும் கோபுரம்

பொதிகை எக்ஸ்பிரஸில் விடிகாலை தென்காசியில் இறங்கினோம். 2019 நவம்பரிலிருந்து தென்காசி தனி மாவட்டத்தின் தலைநகரம். ஊர் பெருத்துவிட்டது. ஆனாலும் ஆனி, ஆடியில் வீசும் அந்தக் காற்று மட்டும் மாறவில்லை. காசி விசுவநாதர் கோயில் கோபுர வாசலில் நின்றால் புடவைத் தலைப்பைக் கையால் பிடித்துக்கொள்ளத்தான் வேண்டும். உள்ளே போகும்போது ஒரு பக்கமிருந்து தள்ளுகிற காற்று, இரண்டடி வைத்ததும் எதிர்ப்பக்கமிருந்து வந்து மோதும்!

கோயிலைக் கட்டியவர் பதினைந்தாம் நூற்றாண்டில் ஆண்ட பராக்கிரம பாண்டியர். பின்னாளில் இந்தக் கோயிலைப் பழுது பார்த்துக் காப்பவர்களின் காலில் விழுந்து வணங்குவதாக அந்த ராஜா கல்லில் எழுதி வைத்திருக்கிறார். எத்தனை பணிவு பாருங்கள்! ஒன்பது நிலைக் கோபுரம், சுமார் 180 அடி. பழைய கோபுரம் சிதைந்து வெகுகாலம் மொட்டையாக நின்று, புதிதாக எழுப்பப்பட்டு 1990-ல் கும்பாபிஷேகம் ஆயிற்று. "நான் சின்னப் பிள்ளையா இருக்கையில மொட்டைக் கோபுரந்தான் பாத்துக்கோ" என்றாள் அம்மா. மகள் அண்ணாந்து பார்த்துக்கொண்டே இருந்தாள். சிற்பத்தைப் பார்க்கிறாளா, எங்கே கால் வைத்து ஏறலாம் என்று பார்க்கிறாளா என்று எனக்குச் சந்தேகம்!

அருவி சீறியது

தென்காசியிலிருந்து குற்றாலம் அஞ்சு கிலோமீட்டர் சொச்சம். ஆட்டோவில் போகும்போதே மழை பிடித்துக்கொண்டது. மேலே மூன்று சிகரங்களும் மேகத்துக்குள் ஒளிந்துகொண்டன. திரிகூடமலை என்று பேர் வந்ததே இந்த மூன்றினால்தான்.

பேரருவிக்குப் போனால் போலீஸ்காரர்கள் கயிறு கட்டி மறித்திருக்கிறார்கள். மேலிருந்து விழும் தண்ணீர் முதலில் பொங்குமாங்கடல் என்ற ஆழமான பள்ளத்தில் விழுந்து, நிரம்பி, பிறகுதான் கீழே வழியும். அதனால்தான் இத்தனை உயரத்திலிருந்து விழும் அருவியின் அடியில் நாம் தலையைக் கொடுக்க முடிகிறது. ஆனால் வெள்ளம் மிஞ்சினால் பாதுகாப்பு வளைவையும் தாண்டித் தண்ணீர் கொட்டும். அப்போது யாருக்கும் அனுமதி இல்லை.

"இவ்வளவு தூரம் வந்துட்டு..." என்று ஒரு அம்மாள் போலீஸ்காரரிடம் வாதாடினார். இடுப்பில் ஒரு கைக்குழந்தை. அவர் பொறுமையாக, "அம்மா, தண்ணி எங்கேயும் போகாது. நாளைக்கு வாங்க" என்றார். அவர் சொன்னதில் எத்தனை நியாயம்! 2024 மே மாதம் பழைய குற்றாலத்தில், கீழே மழை பெரிதாக இல்லாதபோதே மலை மேல் பெய்த மழை திடீர் வெள்ளமாக இறங்கி ஒரு பள்ளிச் சிறுவனை அடித்துக்கொண்டு போய்விட்டது. குளிக்கத்தான் வந்தான் அந்தப் பிள்ளை. மலை ஏறவில்லை, பாறையில் தொங்கவில்லை. இந்த நினைப்பு அன்றைக்கு முழுக்க என் மனசை விட்டுப் போகவில்லை.

அறைக்குள் வந்த மலை

சாயங்காலம் சுடச்சுட நேந்திரங்காய் சிப்ஸும் காபியுமாக மூவரும் ஒரே கட்டிலில் உட்கார்ந்தோம். மகள் தன் லாப்டாப்பைத் திறந்தாள். "அம்மா, திட்டாம ஒரு படம் பாரு. ஆச்சி, நீங்களும்" என்றாள்.

'ஃப்ரீ ஸோலோ' என்று ஒரு டாக்குமெண்டரி. 2018-ல் வந்து, 2019-ல் ஆஸ்கர் பரிசு வாங்கியது. அலெக்ஸ் ஹானால்ட் என்கிற வாலிபர், அமெரிக்காவில் கலிபோர்னியாவில் உள்ள எல் கேபிடன் என்ற செங்குத்தான கருங்கல் மலையில் ஏறுகிறார். உயரம் சுமார் 3,000 அடி. எனக்குக் கணக்குப் புரியவில்லை. "காலையில பாத்தோமே தென்காசிக் கோபுரம், அதை ஒண்ணு மேல ஒண்ணா பதினாறு தடவை அடுக்கு" என்றாள் மகள். வயிற்றைக் கலக்கியது! அதிலும் கயிறு இல்லை. இடுப்பில் சுண்ணாம்புப் பொடிப் பை, காலில் ரப்பர் ஷூ, அவ்வளவுதான். 2017 ஜூன் 3-ந் தேதி 3 மணி 56 நிமிஷத்தில் ஏறி முடித்திருக்கிறார்.

முக்கால்வாசிப் படத்தை நான் விரலிடுக்கு வழியாகத்தான் பார்த்தேன். படம் பிடிக்கிறவர்களில் ஒருவரே பார்க்கச் சகிக்காமல் முகத்தைத் திருப்பிக்கொள்கிறார், நான் எம்மாத்திரம்? ஆனால் அம்மா அசையாமல் பார்த்தாள். நடுவில் ஒரே ஒரு கேள்வி கேட்டாள்: "ஏட்டி, இவனைப் பெத்தவ எங்க?"

இருக்கிறார், படத்தில் வருகிறார்! பிரெஞ்சு மொழி கற்றுக்கொடுத்த டீச்சர். டியர்ட்ரே வோலோனிக் என்று பெயர். மகன் எதற்காக இப்படித் தொங்குகிறான் என்று புரிந்துகொள்ளத் தாமே அறுபதை நெருங்கும் வயதில் மலையேறக் கற்றுக்கொண்டவர். தம் 66-வது வயதில், அதே 2017-ல், அதே மலையில் மகனோடு கயிறு கட்டிக்கொண்டு ஏறிவிட்டார்! 70 வயதில் மறுபடியும் ஒருமுறை.

"அப்படிச் சொல்லு!" என்றாள் அம்மா. என்னவோ தானே ஏறி வந்தமாதிரி நிமிர்ந்து உட்கார்ந்துகொண்டாள்.

படத்தில் என்னை உலுக்கியது உச்சியில் அவர் சிரிக்கிற காட்சி இல்லை. அதற்கு முந்தின வருஷம், 2016-ல், ஒருநாள் இருட்டோடு ஏறத் தொடங்கியவர், கொஞ்ச உயரம் போனதும் மனசு ஒப்பாமல் இறங்கி வந்துவிடுகிறார். காமிராக்காரர்கள் அத்தனை பேரும் காத்திருக்கிறார்கள். ஆனாலும் வேண்டாம் என்று திரும்புகிறார். அதற்குப் பிறகும் மாதக்கணக்கில் கயிறு கட்டிக்கொண்டு அதே பாறையில் ஏறி ஏறி, எந்த விரலை எங்கே வைப்பது, எந்தக் காலை எப்படித் திருப்புவது என்று நோட்டில் எழுதி மனப்பாடம் செய்கிறார். நான் வெறும் முரட்டுத் துணிச்சல் என்று நினைத்தது, பரீட்சைக்குப் படிக்கிற பிள்ளையின் உழைப்பு!

அதற்காக, கயிறில்லாமல் ஏறுவது நல்லது என்று நான் சொல்லவில்லை. பெற்ற வயிறு அதற்கு ஒருநாளும் சம்மதிக்காது. மகளும் அதைக் கேட்கவில்லை. "எங்க கோர்ஸ்ல கயிறு முடிச்சுப் போடறதுதாம்மா முதல் பாடம்" என்றாள்.

பிள்ளை பெற்றவர்களும் ஏறினார்கள்

அன்றிரவு தூக்கம் பிடிக்கவில்லை. வெளியே அருவி இரைகிறது. மகள் ஒவ்வொருத்தராகச் சொல்லிக்கொண்டே வந்தாள்.

எவரெஸ்டில் ஏறிய முதல் பெண் ஜப்பானைச் சேர்ந்த ஜுன்கோ தாபெய். 1975 மே 16-ந் தேதி. அப்போது அவருக்குச் சின்னஞ்சிறு பெண் குழந்தை இருந்தது! பண உதவி கேட்டுப் போன இடங்களில், 'வீட்டில் இருந்து குழந்தையை வளர்க்கக் கூடாதா' என்றார்களாம். வழியில் பனிச்சரிவு வந்து கூடாரத்தோடு அவரைப் புதைத்தது. ஷெர்பாக்கள் தோண்டி எடுத்தார்கள். பன்னிரண்டே நாளில் உச்சியில் நின்றார்.

நம் நாட்டின் முதல் பெண் பச்சேந்திரி பால். 1984 மே 23. நான் முதலில் சொன்னேனே, அந்த உத்தரகாசி நிலையத்தில் பயின்றவர்தான். அருணாசலப் பிரதேசத்தின் அன்ஷு ஜாம்சென்பா இரண்டு பெண் குழந்தைகளின் தாய். 2017 மே மாதம் 16-ந் தேதியும் 21-ந் தேதியுமாக ஐந்தே நாளில் இரண்டு முறை எவரெஸ்ட் ஏறி இறங்கினார். நான் மாடிக்கு ஒரு தடவை துணி உலர்த்தப் போய்விட்டு வந்தாலே 'அக்கடா' என்று உட்காருகிறேன்!

நம் தமிழ்நாட்டுப் பெண்? அவரும் உண்டு. விருதுநகர் மாவட்டம் ஜோகில்பட்டியில் பிறந்த முத்தமிழ்ச்செல்வி. 2023 மே 23-ந் தேதி, பச்சேந்திரி பால் ஏறிய அதே தேதியில், எவரெஸ்டை எட்டிய முதல் தமிழ்நாட்டுப் பெண் ஆனார். அவரும் பிள்ளை பெற்றவர்தான். தமிழக அரசும் பண உதவி செய்தது. விருதுநகர் இங்கிருந்து என்ன தூரம்? பனியே பார்க்காத சீமை! அங்கே பிறந்தவருக்கு 8,849 மீட்டர் உயரம் எட்டியிருக்கிறது.

"இவங்கல்லாம் புதுசா ஏறலை. மலை பொம்பிளைக்கு எப்பவும் உள்ளதுதான்" என்றாள் இருட்டிலிருந்து அம்மா. தூங்கிவிட்டாள் என்று நினைத்திருந்தேன். சரிதானே? திரிகூட ராசப்பக் கவிராயர் பாடிய குற்றாலக் குறவஞ்சியில், தன் மலையின் வளத்தைப் பெருமையோடு எடுத்துச் சொல்பவள் ஒரு குறத்திதானே!

பிறகு அம்மா தன் சின்ன வயசுக் கதையைச் சொன்னாள். அப்போதெல்லாம் செண்பகாதேவிக்கும் அதற்கு மேலே தேனருவிக்கும் ஜனங்கள் நடந்தே போவார்களாம். இப்போது வனத்துறை இஷ்டப்படி போக விடுவதில்லை. தேனருவிப் பக்கத்துப் பாறைகளில் பெரிய பெரிய தேனடைகள் தொங்கும். மலையில் வாழும் பளியர்கள் கொடியை முறுக்கிக் கயிறாக்கி, அதில் தொங்கி இறங்கித் தேன் எடுப்பார்கள்.

"மேல கயிறைப் பிடிக்கது ஆரு தெரியுமா? கூடப் பிறந்த அண்ணன் தம்பி இல்ல. மச்சினன்! பெண்டாட்டி கூடப் பிறந்தவன். கயிறை விட்டா அவன் தங்கச்சி தாலியில்லா போகும்? அதனால விட மாட்டான். எங்க ஆச்சி சொல்லுவா" என்றாள்.

கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு, "ஏறதவன் பயப்படாம இருக்கலாம். பிடிக்கிறவ பயப்படத்தான் செய்வா. பயந்தாத்தான் பிடி இறுகும்" என்றாள்.

நான் பதில் சொல்லவில்லை. கைப்பை தலைமாட்டில் இருந்தது.

ஐந்நூறு படி, அரைப் பாறை

மறுநாள் காலை மழை விட்டிருந்தது. அருவிக்கு இன்னும் தடை. "சும்மா இருப்பானேன், திருமலைக் கோயிலுக்குப் போவோம்" என்றாள் அம்மா. செங்கோட்டைக்குப் பக்கத்தில் பண்பொழி. அங்கே குன்றின் மேல் திருமலைக் குமாரசுவாமி. ஐந்நூறுக்கும் மேற்பட்ட படிகள். இப்போது வண்டி போகப் பாதையும் உண்டு. அம்மாவை வண்டியில் அனுப்பிவிட்டு நானும் மகளும் படியேறினோம்.

நூறு படிக்குள் எனக்கு மூச்சு இரைத்தது. முழங்கால் 'கடக் கடக்' என்றது. வேறொரு நாளாயிருந்தால் மகள் முன்னால் ஓடியிருப்பாள். அன்றைக்கு எனக்குப் பின்னாலேயே வந்தாள். "பேசிட்டே ஏறு. பேச முடியலைன்னா வேகம் ஜாஸ்தின்னு அர்த்தம், நின்னுடு" என்றாள். ஐம்பது படிக்கு ஒருதரம் நிற்க வைத்தாள். ஒரு மடக்குத் தண்ணீர் கொடுத்தாள். "முடியலைன்னா இறங்கிடலாம்மா. முருகன் கோவிச்சுக்க மாட்டார்" என்றாள். இந்தப் பெண் எப்போது இத்தனை பெரியவள் ஆனாள்?

பாதி வழியில் படிக்குப் பக்கத்தில் ஒரு சாய்வான பாறை. அதில் ஒரு குரங்கு, வயிற்றில் குட்டியைக் கட்டிக்கொண்டு, 'இதுவும் ஒரு மலையா' என்பதுபோல விடுவிடு என்று ஏறிப் போயிற்று. நம் தேனி மாவட்டத்தில் பிறந்த ஜோதிராஜ் என்பவர் குரங்கைப் பார்த்துத்தான் ஏறக் கற்றாராம். வாழ்க்கை வெறுத்துப்போய்க் கர்நாடகத்தில் சித்ரதுர்க்கா கோட்டைக்குப் போனவர், அங்கே ஒரு குரங்கு ஏறுவதைப் பார்த்து மனம் மாறியதாக அவரே சொல்லியிருக்கிறார். பிற்பாடு அதே கோட்டைச் சுவரில் ஏறிக் காட்டிப் பேர் வாங்கி, இளைஞர்களுக்கும் ஏறக் கற்றுக் கொடுத்தார்.

இதைச் சொல்லிக்கொண்டே மகள் அந்தப் பாறையில் கை வைத்தாள். நான் "வேண்டாம்" என்று சொல்ல வாயெடுத்து, ஏனோ அடக்கிக்கொண்டேன். நாலடி ஏறியிருப்பாள். விரலால் பாறையைத் தடவிப் பார்த்தாள். காலை ஒருமுறை அழுத்திப் பார்த்தாள். மேலே இன்னும் பத்தடிதான் இருக்கும். கீழே நாலைந்து பையன்கள் வேறு வேடிக்கை பார்த்து நின்றார்கள்.

"பாசிம்மா. ஈரம் காயலை" என்று சொல்லிவிட்டு வந்த வழியே மெதுவாக இறங்கிவிட்டாள். பையன்களில் ஒருத்தன் சிரித்தான். அவள் அதைக் காதில் போட்டுக்கொள்ளவே இல்லை. துப்பட்டாவில் கையைத் துடைத்துக்கொண்டு, "வா, இன்னும் ஐம்பது படி போய் நிப்போம்" என்றாள்.

அந்த நாலடியும் அந்தத் திரும்புதலும்தான் எனக்கு வேண்டியிருந்தன போலிருக்கிறது. நெஞ்சில் இரண்டு மாதமாக அடைத்துக்கொண்டிருந்த ஏதோ ஒன்று கொஞ்சம் இளகிற்று.

உச்சியில் அம்மா எங்களுக்கு முன்னால் போய் உட்கார்ந்திருந்தாள். கீழே பச்சைப் பசேலென்று வயல்கள். தூரத்தில் காற்றாலைகள் சுழன்றுகொண்டிருந்தன. முருகனைக் கும்பிட்டுவிட்டு, பிராகாரத்தில் உட்கார்ந்து கைப்பையைத் திறந்தேன். "உன் பேனாவைக் கொடு" என்றேன். மகள் என்னையே பார்த்தாள். அம்மா எதுவும் நடக்காததுபோல வயலைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"மூணு கண்டிஷன்" என்றேன். "டாக்டர் சரின்னாத்தான் போகணும். மேலே தலைவலி, வாந்தி வந்தா மறைக்காம வாத்தியார்கிட்டச் சொல்லணும். திரும்புன்னு சொன்னா திரும்பணும்."

"மூணுக்கும் சரி" என்றாள்.

காற்றில் தாள் படபடத்தது. அம்மா ஒரு முனையையும் மகள் ஒரு முனையையும் பிடித்துக்கொண்டார்கள். கையெழுத்து கோணலாகத்தான் விழுந்தது. பயம் போய்விட்டதா என்று கேட்டால், இல்லை. இதோ, எழுதும்போதும் இருக்கிறது. ஆனால் பிடி இறுகியிருக்கிறது.

மூன்றாம் நாள் அருவி திறந்துவிட்டார்கள்! பேரருவியில் பெண்களுக்குத் தனி இடம். மூவரும் கை கோத்துக்கொண்டு தலையைக் கொடுத்தோம். முதல் நாள் போலீஸ்காரரிடம் வாதாடிய அந்த அம்மாளும் குழந்தையோடு ஓரமாக நின்று, ஒரு கை தண்ணீரை ஏந்தி அதன் தலையில் தெளித்துக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்துச் சிரித்தார்.

நீங்களும் போகிறீர்களா?

* ஆனி, ஆடி, ஆவணி மாதங்கள் சாரல் ஸீஸன். சென்னையிலிருந்து செங்கோட்டை ரயிலில் தென்காசியில் இறங்கினால் குற்றாலத்துக்கு பஸ்ஸும் ஆட்டோவும் உண்டு. ரம்புட்டான், மங்குஸ்தான் பழங்களையும், சித்திர சபையின் ஓவியங்களையும் விட்டுவிடாதீர்கள்.

* தடை என்றால் தடைதான். மலை மேல் பெய்யும் மழை நம் கண்ணுக்குத் தெரியாது. தண்ணீர் திடீரென்று கலங்கினாலோ, இரைச்சல் கூடினாலோ குழந்தைகளைத் தூக்கிக்கொண்டு உடனே வெளியே வந்துவிடுங்கள்.

* கைக்குழந்தைகளை அருவியின் நேர் வீழ்ச்சியில் காட்டாதீர்கள். தண்ணீரைக் கையில் ஏந்தித் தெளித்தால் போதும். குளித்ததும் தலையைத் துவட்டி உலர்ந்த துணி போடுங்கள்.

* படியேறும்போது சின்னச் சின்ன அடியாக வையுங்கள். ஏறுவதைவிட இறங்கும்போதுதான் முழங்காலுக்குப் பாரம் அதிகம். கைப்பிடியைப் பிடித்து, பக்கவாட்டில் மெதுவாக இறங்குங்கள். நெஞ்சில் அழுத்தமோ, தலைச் சுற்றலோ வந்தால் உட்கார்ந்துவிடுங்கள். சரியாகாவிட்டால் உடனே டாக்டரிடம் போங்கள்.

* கர்ப்பிணிகளும், இருதயக் கோளாறு, ரத்தக்கொதிப்பு உள்ளவர்களும் டாக்டரைக் கேட்காமல் படியேற வேண்டாம்.

* இமயம் போன்ற இடங்களில் சுமார் 2,500 மீட்டருக்கு மேல் காற்றில் பிராணவாயு குறைவதால் தலைவலி, குமட்டல், தூக்கமின்மை வரலாம். அப்போது மேலே ஏறக் கூடாது. குறையாவிட்டால் கீழே இறங்குவதே மருந்து.

* உங்கள் வீட்டுப் பெண்ணும் மலை மலை என்கிறாளா? உத்தரகாசி நிலையத்தைப் போலவே டார்ஜிலிங்கில் 1954-ல் தொடங்கிய இமாலய மலையேற்றப் பயிற்சி நிலையமும் இருக்கிறது. முறையாகக் கற்றுக்கொள்ளட்டும். கையெழுத்துப் போடும் முன் அவளோடு ஒரு குன்றாவது ஏறிப் பாருங்கள். எங்கே ஏறுகிறாள் என்பதோடு, எங்கே திரும்புகிறாள் என்பதையும் பாருங்கள்!